கையுறையும் பாஸ்வேர்டும்: ஒரு பரிசோதனைக்கூடச் செயலியின் நிகழ்வு ஆய்வு

ஒரு பரிசோதனைக்கூடம். மாதிரி உள்ளே வருவதில் தொடங்கி, முடிவில் பொறுப்பாளர் ஒப்புதல் கொடுத்து அறிக்கை வெளியே போவது வரை எல்லாமே ஒரே வலைச் செயலியில் பதிவாகிறது. அதை நடத்துகிறவர்கள் எங்கள் குழுவிடம் கேட்டது ஒரே வரிதான்: "நம்பிக்கையான ஆட்கள் பாஸ்வேர்டு அடிக்காமல் உள்ளே வரணும்." கூடத்தின் பெயரையோ, செயலியை முதலில் எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்பதையோ இங்கே சொல்லப் போவதில்லை. விஷயத்துக்கு அவை தேவையும் இல்லை.

இப்படி ஒரு கோரிக்கை வந்தால் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். அடிக்கச் சோம்பல், வேறென்ன என்பார்கள். சோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. கையில் கையுறை. மேசையில் திறந்த மாதிரிக் குப்பி. ஒரு கணினியை நாலைந்து பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். பத்து நிமிடம் தொடாமல் விட்டால் செயலி வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போக வேண்டுமானால் கையுறையைக் கழற்றி, நீளமான பாஸ்வேர்டை அடித்து, புதுக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பாஸ்வேர்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற விதி வேறு. காரணமே இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. இருந்தும் பல இடங்களில் அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இந்த நிலையில் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் இவர்களும் செய்தார்கள். காலையில் முதலில் வருபவர் லாகின் செய்வார். அப்புறம் நாள் முழுக்க எல்லோருடைய வேலையும் அவர் பெயரிலேயே பதிவாகும். செஷன் முடிந்துவிடாமல் இருக்க, அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவர் மவுஸை ஒரு அசை அசைத்துவிட்டுப் போவார்கள். பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் இரண்டு அறைகளில் சோதனை செய்ததாக வரிகள் கிடந்தன. பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் பாதுகாப்பு குறைந்துவிடுமோ என்று மேலிடத்தில் கவலைப்பட்டார்கள். ஆனால் எந்த வேலையை யார் செய்தார் என்ற விவரம், பாஸ்வேர்டு இருந்தபோதே தொலைந்துபோயிருந்தது. ஒரு சோதனை முடிவு தப்பாகப் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்றே அங்கே தெரியாது. எங்களை உறுத்தியது அதுதான்.

முன்பே இருந்த குறுக்குவழி

பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் ஒரு வழி அந்தச் செயலியில் ஏற்கெனவே இருந்தது, பொறுப்பாளர்கள் உட்பட மேலாளர்களுக்கு மட்டும். செயலிக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு ப்ராக்சி சர்வர். மேலாளர் தன் அலுவலகக் கணினியில் காலையில் லாகின் செய்திருப்பார். அந்த லாகினை, ஒருமுறை லாகின் செய்தவருக்கு மின்னணுச் சீட்டு கொடுத்து அதை மற்ற இடங்களில் காட்ட வைக்கும் கெர்பரோஸ் முறையில் ப்ராக்சி சரிபார்த்து, 'எக்ஸ்-ரிமோட்-யூசர்' என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) அவர் பெயரை எழுதிச் செயலிக்கு அனுப்பும். ஹெடரில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வந்திருக்கிறார் என்று செயலி எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். முன்னால் இருக்கும் சர்வர் ஆளைச் சரிபார்த்துப் பெயரைப் பின்னால் கடத்துவது சி.ஜி.ஐ. (வலை சர்வர் வேறொரு நிரலை ஓட்டுவதற்கான பழைய முறை) காலத்துப் பழக்கம். 2004-ல் வெளியான அதன் வரையறையிலேயே 'ரிமோட்_யூசர்' என்ற மாறி இருக்கிறது. கெர்பரோஸ் அதைவிடப் பழையது, 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அதீனா என்ற கணினித் திட்டத்துக்காக உருவானது. இரண்டும் நன்றாக உழைத்த கருவிகள். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, ப்ராக்சியைத் தாண்டாமல் யாராலும் செயலியைத் தொட முடியக் கூடாது. இரண்டு, வெளியிலிருந்து யாராவது அதே பெயரில் ஒரு ஹெடரை எழுதிக்கொண்டு வந்தால் ப்ராக்சி அதைக் கிழித்துப் போட வேண்டும்.

இங்கே இரண்டுமே இல்லை. செயலி 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்காமல், கணினியின் எல்லா முகவரிகளிலும் 8080 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) கேட்டுக்கொண்டிருந்தது. அனுமதி வாங்கி, சோதனைக்கென்று எடுத்த நகலில் முயன்று பார்த்தோம். மேசைக் கணினி ஒன்றிலிருந்து பிரவுசர் இல்லாமல் கோரிக்கை அனுப்பும் 'கர்ல்' கட்டளையால் நேராக 8080-க்கு ஒரு கோரிக்கை, அதில் கையால் எழுதிய ஒரு ஹெடர், ஹெடரில் கூடத்தின் தலைமைப் பொறுப்பாளரின் பயனர் பெயர். பதிலாக வந்தது அவருடைய ஒப்புதல் பக்கம், 'அறிக்கையை வெளியிடு' என்ற பொத்தானோடு. பாஸ்வேர்டு இல்லை, சான்றிதழ் இல்லை, கேள்வி என்று ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் இதைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது, இந்த வேலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

போர்ட்டை மூடினால் சரியாகிவிடும் என்றார்கள். மூடினோம், சரியாகவில்லை. ப்ராக்சி, நடுவில் கோடு போட்ட 'எக்ஸ்-ரிமோட்-யூசர்' ஹெடரை வெளியிலிருந்து வந்தால் நீக்கியது. கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு 'எக்ஸ்_ரிமோட்_யூசர்' என்று அனுப்பினால் உள்ளே விட்டுவிட்டது. செயலியின் பக்கத்தில் ஹெடர்கள் சூழல் மாறிகளாக (நிரலுக்குத் தரப்படும் பெயர்-மதிப்பு ஜோடிகள்) மாறும்போது கோடு, அடிக்கோடு இரண்டுமே அடிக்கோடாகிவிடும். ஆக, நீக்கப்பட்டதும் நீக்கப்படாததும் உள்ளே போனால் ஒரே பெயர்தான். ப்ராக்சியாக ஓடிய என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் சாதாரணமாக அடிக்கோடு உள்ள ஹெடர்களைக் கண்டுகொள்ளாமல் எறிந்துவிடும். இங்கே ஏதோ ஒரு பழைய கருவிக்காக அந்த அமைப்பை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். பைதான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவின் ஆவணத்தில் இதே விஷயத்துக்கு வெளிப்படையான எச்சரிக்கை இருக்கிறது. ஹெடரை நம்பிச் செயலி எழுதுகிற ஒவ்வொருவரும் அந்தப் பத்தியை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

எங்கோ ஒரு கூடத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்று இதை நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் 'எச்.டி.டி.பாக்ஸி' என்ற பெயரில் வெளிவந்த குறையும் இதே வேர்தான்: வெளியிலிருந்து வரும் 'ப்ராக்ஸி' என்ற ஹெடர், உள்ளே 'எச்.டி.டி.பி_ப்ராக்ஸி' என்ற சூழல் மாறியாகிப் பல மொழிகளின் நிரல்களை ஏமாற்றியது. 2025 மார்ச்சில், வலைச் செயலி எழுத உதவும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் சட்டகத்தில் வெளிவந்த சி.வி.இ-2025-29927 என்ற எண்ணுள்ள குறை இன்னும் நெருக்கம். சட்டகம் தன் உள்வேலைக்காக வைத்திருந்த ஒரு ஹெடரை வெளியாள் எழுதி அனுப்பினால், அனுமதி பார்க்கும் இடைநிரலே ஓடாமல் தாண்டிப் போய்விடும். உள்ளிருப்பவர்தான் இதை எழுதியிருப்பார் என்று ஒரு நிரல் நினைத்துக்கொள்ளும் இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வெளியாள் எழுதிப் பார்ப்பார்.

ஐ.பி. முகவரிப் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள் நெட்வொர்க்கிலிருந்து வந்தால் சில பக்கங்கள் கேள்வியில்லாமல் திறக்கும். ஆனால் அந்த முகவரியை 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' ஹெடரின் இடது ஓரத்திலிருந்து செயலி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடது ஓரத்தில் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்ப யாராலும் முடியும். பட்டியலை அப்படியே தூக்கி எறிந்தோம். நெட்வொர்க்குக்கு உள்ளே இருப்பதே நம்பிக்கைக்குப் போதும் என்ற எண்ணத்தைக் கூகுள் கைவிட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 'ஆபரேஷன் அரோரா' என்று பேர்பெற்ற ஊடுருவலை அது வெளியே சொன்னது 2010 ஜனவரியில். அதற்குப் பின் உருவான 'பியாண்ட்கார்ப்' முறையை விளக்கும் கட்டுரை 2014 டிசம்பரில் வந்தது. அதன் சாரம், எந்த நெட்வொர்க்கிலிருந்து வருகிறாய் என்பதை வைத்து எதையும் திறக்காதே, வருகிற ஆளையும் கருவியையும் ஒவ்வொரு முறையும் பார் என்பதே. எங்கள் வேலைக்கு அடிப்படையாக இதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

நம்பிக்கையான ஆள் யார்?

கோரிக்கையில் இருந்த 'நம்பிக்கையான ஆட்கள்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. உட்கார்ந்து பேசியதில் மூன்று கூட்டம் தெரிந்தது. மேசையில் வேலை செய்கிறவர்கள்: ஒரு நாளில் பல தடவை உள்ளே போய் வருவார்கள், செய்வது சின்னச் சின்னப் பதிவுகள். ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பாளர்கள்: அரிதாகத்தான் வருவார்கள், ஆனால் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் அறிக்கை வெளியே போய்விடும். அப்புறம் எப்போதாவது பழைய பதிவுகளைப் பார்க்க வரும் வெளி ஆய்வாளர்கள்.

மூவரையும் நம்பலாம் என்பது உண்மைதான். ஆனால் மூவரையும் ஒரே விஷயத்துக்கு நம்பவில்லை. மேசைக்காரரை நம்புவது அவர் அந்த மேசையில் நிற்கும்போது. அவர் கையில் இருக்கும் அட்டை வேறொரு ஊரில் ஒரு பிரவுசரில் வந்து நின்றால் அது வேறு கதை. பொறுப்பாளரை எங்கிருந்து வந்தாலும் நம்ப வேண்டும், ஆனால் அவர்தான் வந்திருக்கிறார் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். ஆய்வாளரைப் படிப்பதற்கு மட்டும், அதுவும் சில நாட்களுக்கு மட்டும் நம்பினால் போதும். இதைக் காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் தொழில்நுட்பத்தைப் பற்றியே பேச ஆரம்பித்தோம். பல திட்டங்கள் தலைகீழாக நடக்கின்றன: கருவியை முதலில் வாங்கிவிட்டு, யாருக்கு என்று பிறகு தேடுவார்கள்.

கெர்பரோஸை மேசைகளுக்கும் நீட்டலாமே என்ற யோசனை வந்தது. மேசைக் கணினிகள் ஒரு பொதுக் கணக்கில் எப்போதும் திறந்தே கிடக்கின்றன. கெர்பரோஸ் சொல்லப் போவது அந்தப் பொதுக் கணக்கின் பெயரைத்தான், ஆளின் பெயரை இல்லை. விட்டுவிட்டோம்.

மேசைக்கு ஒரு சான்றிதழ், ஆளுக்கு ஒரு சாவி

கடைசியில் மேசைகளுக்கு இரண்டு அடுக்கு வைத்தோம். ஒவ்வொரு மேசைக் கணினிக்கும், அதை அடையாளம் காட்டும் ஒரு மின்னணுச் சான்றிதழ். அதன் தனிச் சாவி (கையொப்பம் போடும் ரகசிய எண்), சாவிகளைப் பூட்டி வைக்கும் டி.பி.எம். என்ற சில்லுக்குள் இருக்கும், நகலெடுத்து வெளியே கொண்டுபோக முடியாது. டி.எல்.எஸ். என்ற மறைகுறியிட்ட இணைப்பு உருவாகும்போதே சர்வர் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும். இதனால் தெரிய வருவது எந்த மேசை என்பது மட்டும். ஆளுக்கு, தட்டினால் போதும் என்கிற என்.எஃப்.சி. (அருகில் வைத்தால் பேசும் கம்பியில்லாத் தொடர்பு) பாதுகாப்புச் சாவி. கழுத்துப் பட்டையில் தொங்கும், கையுறையோடு எடுத்து மேசையில் உள்ள படிப்பானில் வைக்கலாம். வைத்த உடனே அவர் பெயர் திரையில் வரும். அடுத்தவர் வந்து தன் சாவியை வைத்தால் முன்னவரின் செஷன் அந்த நொடியே முடிந்துவிடும். வெளியேறு என்ற பொத்தானை யாரும் தேட வேண்டியதில்லை.

தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை ஏதோ நுழைவு அட்டை போல நினைப்பவர்கள் அதிகம். மலிவான நுழைவு அட்டைகள் பல தங்கள் எண்ணை மட்டும் சொல்லும். எண்ணைப் பிடித்தவர் நகல் அட்டை செய்துவிடலாம். எங்கள் சாவி பயன்படுத்தும் வெப்ஆத்தன் முறை அப்படி இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019 மார்ச் 4 அன்று பரிந்துரையாக வெளியிட்ட இந்த முறையில், சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எதேச்சை எண்ணை அனுப்பும். குறைந்தது 16 பைட் இருக்க வேண்டும் என்கிறது வரையறை. நாங்கள் 32 பைட் வைத்தோம். அந்த எண்ணையும், தான் எந்தத் தளத்தில் நிற்கிறது என்ற முகவரியையும் பிரவுசரே எழுதி, அதன் சுருக்கத்தை (தரவின் விரல்ரேகை போன்ற ஒரு குறுகிய எண்) சாவிக்குக் கொடுக்கும். சாவி தன் தனிச் சாவியால் அதற்குக் கையொப்பம் இடும். சர்வரிடம் இருப்பது பொதுச் சாவி மட்டும். அதை வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போட முடியாது. நாளை சர்வரின் தரவுத்தளம் முழுவதும் திருடு போனாலும், அதிலுள்ள பொதுச் சாவிகளை வைத்து யார் பெயரிலும் உள்ளே வர முடியாது.

தள முகவரியைப் பயனர் எழுதுவதில்லை, பிரவுசர் எழுதுகிறது. ஏமாற்றுத் தளங்கள் தோற்பது இந்த இடத்தில். அச்சு அசலாக அதே போல ஒரு பக்கம் செய்து ஆளை அங்கே வரவழைத்தாலும், அந்தத் தளத்தின் முகவரிக்கு உரிய சாவி அவரிடம் இல்லவே இல்லை. 2022 ஜூலை 20 அன்று இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்தி போனது. மூன்று பேர் நம்பிப் பாஸ்வேர்டை அடித்தும் விட்டார்கள். எல்லோரிடமும் வன்பொருள் சாவி கட்டாயம் என்பதால் தாக்கியவர்களால் உள்ளே வர முடியவில்லை. அனுபவமுள்ள தொழில்நுட்பக்காரர்களே விழுந்த வலை அது. ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தால் மட்டும் போதாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். கூகுள் 2017 தொடக்கத்திலிருந்து தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலைக் கணக்கு எதுவும் ஏமாற்றுத் தளம் வழியாகப் பறிபோனதாகத் தகவல் இல்லை என்று 2018-ல் சொன்னது.

சரி, தட்டினால் போதும் என்றால் சாவியை எடுத்தவர் எல்லாம் உள்ளே வந்துவிடலாமே? வரலாம். அதற்குத்தான் மேசைச் சான்றிதழ். வெறும் தட்டல் செல்லுபடியாவது சான்றிதழ் உள்ள கணினியில் மட்டும், அதுவும் அந்த ஷிஃப்டில் ஒருமுறை பின் எண் கொடுத்துத் திறந்த பிறகு. அதே சாவியை வெளியே எங்காவது பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் பின் கேட்கும். ஒப்புதல் கொடுக்கும் பொத்தானுக்கு எங்கிருந்தாலும், யாராக இருந்தாலும் பின் கட்டாயம்.

பின் என்றால் அதுவும் பாஸ்வேர்டுதானே என்று ஒரு பொறுப்பாளர் கேட்டார். நல்ல கேள்வி, எல்லா இடத்திலும் வரும் கேள்வி. பின் சாவியைத் தாண்டிப் போவதில்லை. சர்வருக்கு அது தெரியாது, நெட்வொர்க்கில் பயணம் செய்யாது, சாவி கையில் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எட்டு தடவை தவறாகப் போட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். பிறகு முழுவதுமாக அழித்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இந்தப் பின் விஷயத்தில் நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பைட் உண்டு. சாவி திருப்பி அனுப்பும் தரவில் முதல் 32 பைட் தளத்தின் அடையாளச் சுருக்கம். 33-ஆவது பைட் கொடிகள். அதற்கு அடுத்து 4 பைட் எண்ணிக்கை. அந்தக் கொடிப் பைட்டில் 1 என்ற பிட் இருந்தால் ஆள் தட்டினார் என்று பொருள். 4 என்ற பிட்டும் சேர்ந்து இருந்தால் பின்னோ விரல்ரேகையோ கொடுத்துத் தன்னை உறுதிசெய்தார் என்று பொருள். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்க்ரிப்டில் 'உறுதிசெய்தல் கட்டாயம்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரியைப் பிரவுசரில் யாரும் மாற்றலாம். சர்வர் அந்தப் பைட்டைத் திறந்து 4 இருக்கிறதா என்று பார்த்தால் மட்டுமே அது கட்டாயம். கட்டாயம் என்று கேட்டுவிட்டு வெறும் 1 மட்டும் உள்ள பதிலை வேண்டுமென்றே அனுப்பி, சர்வர் அதை நிராகரிக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையை நிரந்தரமாகவே எழுதி வைத்தோம்.

குக்கீ இல்லாத இடத்தில்

பாஸ்வேர்டை எடுத்தவுடன் வெளியே தெரியாமல் பெரிதாகிற ஆபத்து ஒன்று இருக்கிறது: ஆளின் அனுமதி இல்லாமல் இன்னொரு தளம் அவர் பிரவுசரைக் கொண்டு வேலை வாங்குவது. சி.எஸ்.ஆர்.எஃப். என்பார்கள். செஷன் குக்கீக்கு (உள்ளே வந்தவரை நினைவில் வைக்கப் பிரவுசர் வைத்திருக்கும் சிறு தரவு), வேறு தளத்திலிருந்து அனுப்பாதே என்று சொல்லும் 'சேம்சைட்' அமைப்பைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் 'சேம்சைட்' கட்டுப்படுத்துவது குக்கீயை மட்டும். மேசையின் சான்றிதழ், கெர்பரோஸ் சீட்டு, ஐ.பி. முகவரி மூன்றும் பிரவுசர் தானாகவே காட்டுகிறவை. அவற்றை அந்த அமைப்பு தொடாது.

இங்கே லேபிள் அச்சிடும் பக்கம் மேசைச் சான்றிதழை மட்டும் பார்த்தது, குக்கீயே கிடையாது. ஊழியர் அதே பிரவுசரில் வேறொரு தளத்தைத் திறந்திருந்தால், அந்தத் தளம் ஒரு மறைவான படிவத்தை அனுப்பி லேபிள் அச்சிட வைக்க முடியும். தவறான லேபிள் ஒட்டிய குப்பி என்றால் அந்தக் கூடத்தில் அது விளையாட்டல்ல. கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது என்று சொல்லும் 'ஆரிஜின்' ஹெடரில் இருப்பது எங்கள் தளம்தானா என்று எல்லா மாற்றக் கோரிக்கைகளிலும் பார்க்க வைத்தோம். 'செக்-ஃபெட்ச்-சைட்' ஹெடரில் வேறு தளத்திலிருந்து வந்ததாக இருந்தால் உடனே மறுப்பு. மேசைச் சான்றிதழை மட்டும் வைத்து எதையும் மாற்ற முடியாது, ஆளின் சாவியும் வேண்டும் என்று விதியையும் இறுக்கினோம்.

ஹெடர் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ப்ராக்சியும் செயலியும் இப்போது ஒரே கணினிக்குள் மட்டும் வேலை செய்யும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகத்தான் பேசுகின்றன. 8080 என்ற போர்ட்டே இல்லை. ப்ராக்சி பெயரை எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். சரிபார்த்த சான்றிதழின் அடையாளத்தை மட்டும் கடத்தும், ஆள் யார் என்பதைச் செயலியே கையொப்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் இணைப்பு

எப்போதாவது வருகிற ஆய்வாளருக்குச் சாவி கொடுத்துத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. மின்னஞ்சலில் ஒருமுறை மட்டும் வேலை செய்யும் இணைப்பு போதும் என்று முடிவெடுத்தோம். படிக்க மட்டும் அனுமதி, 15 நிமிடத்தில் காலாவதி, தரவுத்தளத்தில் டோக்கனின் (இணைப்பில் உள்ள ரகசியக் குறியீடு) சுருக்கம் மட்டும்.

முதல் சோதனையிலேயே ஆய்வாளர் ஒருவருக்கு இணைப்பு திறக்கவே இல்லை. ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றது செயலி. பதிவைப் பார்த்தால், மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் யாரோ இணைப்பைத் திறந்திருந்தார்கள். அவருடைய அலுவலகத்தின் மின்னஞ்சல் பாதுகாப்புக் கருவிதான் அது. உள்ளே வரும் ஒவ்வொரு இணைப்பையும் முதலில் தானே திறந்து பார்க்கும். தீர்வு பழையது, எளியது: இணைப்பைத் திறந்தால் ஒரு பொத்தான் மட்டும் தெரிய வேண்டும், டோக்கன் செலவாவது அந்தப் பொத்தானை அழுத்தி 'போஸ்ட்' கோரிக்கை போகும்போது. கூடவே, இணைப்பைக் கேட்ட அதே பிரவுசரில்தான் அது செல்லும் என்று ஒரு குக்கீயால் கட்டிவிட்டோம். மின்னஞ்சலை இன்னொருவருக்கு அனுப்பி வைத்தாலும் அவருக்கு அது திறக்காது.

சாவி தொலைந்தால்

எங்களை அதிகம் உழைக்க வைத்தது இந்தப் பகுதிதான். முன்வாசலுக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும், சாவி தொலைந்தவரை உள்ளே விடுவதற்கு வைத்திருக்கும் வழி எதுவோ, மொத்தப் பாதுகாப்பும் அதன் அளவுக்குத்தான். கூடத்தின் முதல் திட்டத்தில், தொலைத்தவருக்கு மின்னஞ்சலில் தற்காலிகப் பாஸ்வேர்டு அனுப்பலாம் என்று இருந்தது. அப்படி விட்டிருந்தால், தாக்க வருகிறவர் வெப்ஆத்தனைத் தொடவே மாட்டார். நேரே 'சாவி தொலைந்துவிட்டது' பொத்தானுக்குத்தான் போவார். உதவி மையத்துக்குப் போன் போட்டு அவசரம் என்று கெஞ்சுகிற குரலுக்கு மனிதர்கள் இரங்குவதும் இயல்பு. அந்த இரக்கத்தைக் குறை சொல்லக் கூடாது. அதைச் சுரண்ட இடம் கொடுக்காத நடைமுறை வேண்டும்.

ஆகவே எல்லோருக்கும் முதல் நாளிலேயே இரண்டு சாவி. ஒன்று கழுத்தில், இன்னொன்று கூடத்தின் பெட்டகத்தில், உறையிட்டு. இரண்டும் தனித்தனியாகப் பதிவானவை. ஒன்றை ரத்து செய்தால் மற்றது பாதிக்காது. பெட்டகச் சாவியை எடுக்க வேண்டுமானால் ஆள் நேரில் வர வேண்டும், இரண்டு பொறுப்பாளர்கள் தங்கள் சாவியால் செயலியில் ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதலும் மற்றப் பதிவுகள் போலவே பதிவேட்டில் நிற்க வேண்டும். தொலைபேசி வழியாக எதுவும் கிடையாது. இரவில் தனியாக ஷிஃப்டில் இருப்பவர் சாவியை வீட்டில் மறந்துவிட்டால்? அவர் மாதிரிகளைப் பெற்றுக்கொண்டு காகிதப் படிவத்தில் எழுதலாம், காலையில் செயலியில் ஏற்றலாம். கூடத்தில் காகிதப் படிவம் எப்படியும் இருந்தது, மின்சாரம் போகிற நாட்களுக்காக. இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் ஒரு மூத்த பரிசோதகர்தான். எங்கள் குழுவில் எல்லோரும் இன்னொரு மென்பொருள் வழியையே தேடிக்கொண்டிருந்தபோது, அவர் அலமாரியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்.

பாஸ்கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியில் வைக்கும் வெப்ஆத்தன் சாவி) அவரவர் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சும் நடந்தது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022 மே மாதம் அறிவித்த பிறகு, பாஸ்கீ ஒரே ஆளின் பல கருவிகளுக்கு இடையே தானாக ஒத்திசைவது பழக்கத்துக்கு வந்துவிட்டது. பொதுமக்களுக்கான செயலி என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது. இங்கே சோதனை அறைக்குள் கைப்பேசிக்கே அனுமதி இல்லை. அதோடு, ஒப்புதல் கொடுக்கும் சாவி ஒருவருடைய சொந்தக் கணக்கின் வழியாக வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கும் போய்ச் சேர்வதைக் கூடம் விரும்பவில்லை. ஆய்வாளர்கள் விரும்பினால் பாஸ்கீ பதிந்துகொள்ளலாம் என்று மட்டும் விட்டோம்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயம் சுருக்கமானது. முன்பெல்லாம் அவர் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், ஆனால் திறந்திருந்த செஷன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இப்போது செஷன் எல்லாம் சர்வரில் உள்ள அட்டவணையில். ஆளை நீக்கினால் அவருடைய பொதுச் சாவிகளும் செஷன்களும் ஒரே செயலில் போய்விடும். மேசைச் சான்றிதழ்களுக்கு ரத்துப் பட்டியல் வைத்துப் பராமரிப்பதற்குப் பதிலாக, ஆயுளைச் சில நாட்களாகக் குறைத்துத் தானாகப் புதுப்பிக்க விட்டோம். ஒரு கணினியை ஓரங்கட்டினால் புதுப்பிப்பை நிறுத்தினால் போதும்.

இப்போது

பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு அறையில் இருப்பது நின்றுவிட்டது. மவுஸை அசைத்துவிட்டுப் போகிறவரும் இல்லை. மேசைக்காரர்கள் இதை ஏற்றுக்கொள்ள நாங்கள் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. தட்டுவது, அடிப்பதைவிடச் சுலபம். எதிர்ப்பு வந்தது பொறுப்பாளர்கள் பக்கத்திலிருந்து. முன்பு எதையும் கேட்காமல் திறந்த பக்கம் இப்போது ஒப்புதல் கொடுக்கப் பின் எண் கேட்கிறதே என்றார்கள். அவர்களிடம் அந்தக் 'கர்ல்' கட்டளையை மறுபடி ஓட்டிக் காட்டினோம், இந்த முறை நிராகரிப்பு வந்தது. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் பின் போடுகிறார்.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. பழைய அளவீட்டுக் கருவி ஒன்றோடு பிணைந்த கணினி. அதன் இயங்குதளத்தைப் புதுப்பித்தால் கருவியின் மென்பொருள் ஓடாது. அதிலுள்ள பிரவுசருக்கு வெப்ஆத்தன் தெரியாது. அடிக்கோடு ஹெடரை அனுமதிக்கும் அமைப்பும் இந்தக் கருவிக்காகத்தான் வந்தது. அதைத் தனி நெட்வொர்க் துண்டில் வைத்து, தன் அளவீடுகளை ஒரே ஒரு முகவரிக்கு அனுப்ப மட்டும் அனுமதித்திருக்கிறோம். அனுப்பியவை 'உறுதி செய்யப்படாதவை' என்ற நிலையில் நிற்கும். பக்கத்து மேசையில் ஒருவர் தன் சாவியைத் தட்டி ஏற்றுக்கொண்டால்தான் மாதிரியோடு சேரும். கருவியை மாற்றப் பணம் ஒதுக்கும் வரை இந்த ஏற்பாடு இப்படியே ஓடும்.